240 மணி நேரமும் ஒரு வாத்தியாரும்

கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த சில வாரங்களில் ஒரு படிவம் வரும். தேசிய மாணவர் படை (என்.சி.சி.), நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.), விளையாட்டு, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் என்று நான்கு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் குறியிட வேண்டும். எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குக் கட்டம் கிடையாது. தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டப் படிப்புக்குப் 'பகுதி 5' என்று ஒன்று உண்டு. விரிவாக்கப் பணிகள் என்பார்கள். அதில் ஒரு கிரெடிட், அதாவது ஒரு மதிப்புப் புள்ளி, வாங்கியாக வேண்டும். ஆகவே விருப்பத்தின் பேரில் தொண்டு செய்வது இங்கே கட்டாயம்.

"சார், இந்த நாலில் எதில் வேலை குறைவு?" என்று நேராகக் கேட்கும் பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். முதல் நாளே "தேசத்துக்கு உழைக்க விரும்புகிறேன்" என்று எழுதிக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் மழைக்காலம் தொடங்குவதற்குள் காணாமல் போய்விடுவார்கள். வேலை குறைவாக இருக்கும் என்று நம்பி வந்தவன், வந்த இடத்தில் வேலை இருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்றாண்டும் இருந்துவிடுவான்.

மாணவனாக நான் இருந்தது என்.சி.சி.யில். ஆசிரியரான பிறகு என் தலையில் விழுந்தது என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர் பொறுப்பு. இரண்டையும் உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். மேடைகளில் இளைஞர் சக்தி என்றும் நாட்டு நிர்மாணம் என்றும் பேசுகிறார்கள். நடைமுறையில் இந்தத் திட்டங்கள் நிற்பதும் சாய்வதும், சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போகாமல் மைதானத்தில் நிற்கச் சம்மதித்த ஒரு ஆசிரியரைப் பொறுத்தே இருக்கிறது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. வெள்ளைக்காரர் காலத்தில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல் பல்கலைக்கழகப் படை என்று ஒன்று தொடங்கினார்கள். அது பெயரும் வடிவமும் மாறி மாறி வந்து, எச்.என். குன்ஸ்ரு தலைமையில் 1946இல் அமைந்த குழுவின் பரிந்துரையின்படி, 1948இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய மாணவர் படை ஆனது. அடுத்த ஆண்டே மாணவியர் பிரிவும் வந்துவிட்டது. 1962இல் சீனாவுடன் போர். அந்தத் தோல்வியின் அதிர்ச்சியில் 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம் என்றார்கள். ஐந்தாண்டு தாங்கியது. 1968இல் மறுபடியும் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். பேராசிரியர்களில் மூத்தவர்கள் அந்தக் காலத்துப் பரேடுகளைப் பற்றிச் சொல்லும்போது, வருகைப் பதிவு முடிந்ததும் வரிசை எப்படிக் கரைந்தது என்பதைத்தான் அதிகம் சொல்வார்கள்.

அதே 1968 ஜனவரி 23 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்த தமிழ்நாட்டின் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் அந்தத் தீர்மானத்தில் இருந்தது. மைதானத்தில் 'சாவ்தான்' (நேராக நில்), 'விஷ்ராம்' (இளைப்பாறி நில்) என்று இந்தியில் கேட்டே வளர்ந்த எனக்கு இதைப் பின்னாளில் படித்தபோது வியப்பாக இருந்தது. ஹவில்தார் சொல்ல நாங்கள் காலை இடித்தோம். அதற்குப் பின்னால் ஒரு போராட்டமும் ஒரு தீர்மானமும் இருந்தன என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

என்.எஸ்.எஸ். பிறந்ததும் இந்த இழுபறியில்தான். விடுதலைக்குப் பிறகு பல குழுக்கள் மாணவர் தொண்டைப் பற்றி யோசித்தன. சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு கட்டாயத் தேசியப் பணி வேண்டும் என்றது. பிற நாடுகளில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்த கல்வியாளர் கே.ஜி. சையிதைன், விருப்பத்தின் பேரில் இருந்தாலே போதும் என்றார். 1967இல் கூடிய மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, என்.சி.சி.யில் சேர விரும்பாதவர்களுக்கு மாற்றாக ஒரு சமூகப் பணித் திட்டம் இருக்கட்டும் என்று சொன்னது. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, அப்போதைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு அதைத் தொடங்கிவைத்தார். சின்னத்தில் கோனார்க் தேர்ச் சக்கரம். பரேடுக்குப் போகாத பிள்ளைகளுக்கு என்று வந்த திட்டம் என்பதாலோ என்னவோ, இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தவர்களைப் போலவே அதை இன்றுவரை நடத்துகிறார்கள்.

என்.சி.சி.க்கு அந்தக் குறை இல்லை. அதற்குப் பின்னால் பாதுகாப்பு அமைச்சகம் இருக்கிறது. தலைமையில் ஒரு லெப்டினன்ட் ஜெனரல், ஒரு மாநிலத்துக்கோ சில மாநிலங்களுக்குச் சேர்த்தோ ஓர் இயக்ககம், அதற்குக் கீழே குரூப், பட்டாலியன் என்று இறங்கி வரும். புதுச்சேரியும் அந்தமானும் தமிழ்நாட்டு இயக்ககத்தோடு சேர்ந்தவை. பட்டாலியனிலிருந்து பி.ஐ. ஸ்டாஃப் எனப்படும் பயிற்றுநர் வருவார், பணியில் இருக்கும் நிஜ ராணுவ வீரர். எங்களுக்கு வந்த ஹவில்தாருக்குத் தமிழில் தெரிந்தவை பத்துப் பன்னிரண்டு சொற்கள். அவற்றில் பெரும்பாலானவை எங்களைத் திட்டுவதற்கு உதவுபவை. ஆனால் ஒரு பையன் வெயிலில் மயங்கப் போகிறான் என்பதை அவன் மயங்குவதற்கு முன்பே கண்டுபிடித்து வரிசையிலிருந்து இழுத்துவிடுவார்.

கேடட், அதாவது படை மாணவன், வாழ்க்கை என்பது பெரும்பாலும் துலக்குவதுதான். டி.எம்.எஸ். என்ற சீருடை ஷூவுக்குப் பாலிஷ், பெல்ட்டின் பித்தளைப் பக்கிளுக்குப் பிராசோ, பெரட் தொப்பியை நனைத்துத் தலையில் வைத்து வடிவம் கொண்டுவருவது, அதில் செருகும் ஹேக்கிள் என்ற இறகுக் குஞ்சம் வளையாமல் பார்த்துக்கொள்வது. பரேடு முடிந்தால் கிடைக்கும் சிற்றுண்டிக்காகவே வந்தவர்கள் உண்டு. அதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்த பிள்ளைக்கு அந்தப் பூரி என்பது பெரிய விஷயம்.

ஒழுக்கம் வந்துவிடும் என்று பெற்றோர்கள் சேர்த்துவிடுகிறார்கள். என் கணிப்பில் ஒழுக்கம் பற்றிய பேச்சு கொஞ்சம் அதிகம். மைதானத்தில் சிலைபோல் நின்ற என் நண்பர்கள் பலர் வகுப்பில் பழையபடியே இருந்தார்கள். எனக்கு என்.சி.சி. தந்தவை வேறு. வரைபடம் படிக்கத் தெரிந்தது. பிரிஸ்மாட்டிக் காம்பஸ் என்ற திசைகாட்டியை வைத்து ஒரு பனைமரத்தின் கோணத்தையும் ஒரு கோவில் கோபுரத்தின் கோணத்தையும் எடுத்து, அவற்றைத் தாளில் கோடுகளாக இழுத்து, அவை வெட்டும் இடத்தில் நான் நிற்கும் இடம் இதுதான் என்று கண்டுபிடித்த அந்த முதல் தடவை ஒரு தனிச் சந்தோஷம். தொலைவைக் கண்ணாலேயே மதிப்பிடப் பழகினேன். பாயிண்ட் டூ டூ ரைபிளில் ஐந்து தோட்டா சுடுவதற்காக மாதக் கணக்கில் வெறும் துப்பாக்கியோடு தரையில் படுத்து மூச்சைக் கட்டுப்படுத்தியதில், காத்திருப்பது எப்படி என்று தெரிந்தது. பத்து நாள் ஆண்டு முகாமில், பார்த்தே இராத மாவட்டத்துப் பையனோடு இரவுக் காவலுக்கு நின்றதில், முன்பின் தெரியாதவனிடம் பேச்சைத் தொடங்கும் கூச்சம் போனது.

சேர்ந்தால் ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. சட்டமே அதைத் தெளிவாக மறுக்கிறது: கேடட்டாக இருப்பதால் மட்டும் யாரும் போர்ப் பணிக்குக் கடமைப்பட்டவர் ஆவதில்லை. போக விரும்புகிறவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது என்பது வேறு. என்.சி.சி.யின் உயர்நிலைச் சான்றிதழான 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டத்தில் 50 விழுக்காடும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குப் போகலாம், தேர்வானால் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி. அந்த ஐந்து நாள் நேர்காணலில் பெரும்பாலானோர் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஆனாலும் கிராமத்துக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், தான் அந்த வாசல் வரை போக முடியும் என்று தெரிந்துகொள்வதே எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் எங்கள் கல்லூரியில் படை நடந்ததற்குக் காரணம் எங்கள் ஏ.என்.ஓ., அதாவது கல்லூரியில் படையை நடத்தும் பொறுப்பாசிரியர். வாரம் முழுக்க வணிகவியல் துறையில் பேரேடும் இருப்புநிலைக் குறிப்பும் நடத்துவார். சனிக்கிழமை தோளில் நட்சத்திரத்தோடு லெப்டினன்டாக வருவார். அந்தப் பதவிக்காக ஆண் ஆசிரியர்கள் நாக்பூருக்கு அருகே காம்ப்டியிலும் பெண் ஆசிரியர்கள் குவாலியரிலும் பயிற்சிக்குப் போய் வர வேண்டும். சொந்தக் குடும்பத்தை விட்டுவிட்டு, இருபது வயதுக்காரர்கள் ஓடும் ஓட்டத்தை நாற்பதை நெருங்கும் வயதில் ஓடி. சீருடை எத்தனை வந்தது, எத்தனை திரும்பியது என்று கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். மூன்றாமாண்டு முடித்துப் போன பையன் பெல்ட்டைத் திருப்பித் தராவிட்டால் அவர்தான் அவன் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். தேர்வுக் காலத்தில் துறைத் தலைவரோடு சண்டை, முகாம் காலத்தில் முதல்வரோடு சண்டை. அவர் ஓய்வு பெற்றபின் இரண்டாண்டு அந்த இடத்துக்கு யாரும் முன்வரவில்லை. பட்டாலியன் அதே பட்டாலியன்தான், ரைபிள் அதே ரைபிள்தான். எங்கள் கல்லூரியில் மட்டும் பரேடு நின்றுவிட்டது.

என்.எஸ்.எஸ்.சில் அந்தப் பட்டாலியனும் கிடையாது. நூறு தொண்டர்கள், ஒரு திட்ட அலுவலர். அவ்வளவுதான் ஓர் அலகு. இரண்டாண்டில் 240 மணி நேரப் பணி, ஆண்டுக்கு 120. அதோடு தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். முகாமுக்குப் பல ஆண்டுகள் தலைக்கு 450 ரூபாய் ஒதுக்கினார்கள். ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 64 ரூபாய் சொச்சம். அதில் மூன்று வேளைச் சாப்பாடு, போக்குவரத்து, மண்வெட்டி வாடகை, பேனர். பேனருக்கு மட்டும் யாரும் குறைத்துச் செலவிட்டு நான் பார்த்ததில்லை.

240 மணி நேரம் என்பது வேலை நோட்டில் ஏறும் எண். அதை நிரப்புவது எளிது. உலகச் சுற்றுச்சூழல் தினம், புகையிலை எதிர்ப்பு தினம், வாக்காளர் தினம், எய்ட்ஸ் தினம் என்று நாட்காட்டி முழுக்க நாட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரணி. பதாகையோடு பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினால் மூன்று மணி நேரம். ஒரு கல்லூரியில், சென்ற ஆண்டு நட்டுக் காய்ந்த மரக்கன்றின் குழியையே இந்த ஆண்டும் பயன்படுத்தினார்கள். குழி தோண்டும் நேரம் மிச்சம். ஆனால் குறை சொல்ல எனக்கு முழு மனம் வரவில்லை. நூறு பிள்ளைகளுக்கு, வகுப்பு நேரம் போக மீதி நேரத்தில், வண்டி வசதி இல்லாமல், உருப்படியான வேலை கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

உருப்படியான வேலை பெரும்பாலும் முகாமில்தான் கிடைக்கும். அதுவும் ஏழு நாளில் ஐந்தாவது நாள் வாக்கில்.

எங்கள் முதல் முகாமுக்குப் போனபோது ஊராட்சித் தலைவர் ஒரு பட்டியலோடு வந்தார். கோவில் குளக்கரையில் சீமைக் கருவேலம் வெட்ட வேண்டும், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், பஸ் நிறுத்தத்திலிருந்து கோவில் வரை தெருவைச் சுத்தம் செய்ய வேண்டும். நல்ல மனிதர்; தன் வீட்டுக் கிணற்றில் எங்கள் பிள்ளைகள் குளிக்கச் சம்மதித்தவர். ஆனால் பட்டியலில் இருந்தவை எல்லாம் தார்ச்சாலைக்கு இந்தப் பக்கம் இருந்தவை. அந்தப் பக்கத்தில் காலனி. அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "அங்கேயும் போகலாம் சார், நேரம் இருந்தால்" என்றார்.

வீடு வீடாகக் கணக்கெடுப்பை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினோம். பிள்ளைகள் கையில் படிவம். குடும்பத்தில் எத்தனை பேர், படிப்பை நிறுத்தியவர்கள் யார், குடிநீர் எங்கிருந்து, கழிப்பறை இருக்கிறதா, இருந்தால் பயன்பாட்டில் உள்ளதா. தூய்மை இந்தியா திட்டத்தில் கட்டிய கழிப்பறைகள் பல வீடுகளில் இருந்தன. உள்ளே விறகு, சாணக்கூடை, பழைய சைக்கிள். ஒரு குழு, காரணம் என்ற கட்டத்தில் 'விழிப்புணர்வு இல்லை' என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தது. மறுநாள் தெருநாடகம் போட்டு விழிப்புணர்வு ஊட்டிவிடலாம் என்று ஏற்பாடும் செய்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண், தானும் அப்படிப்பட்ட ஒரு தெருவிலிருந்து வந்தவள், மாலையில் என்னிடம் வந்தாள். "சார், தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. குடிக்க நான்கு குடம் பிடிப்பதற்கே சண்டை. கழிப்பறைக்கு ஊற்ற யார் சார் தூக்கி வருவார்கள்? எங்கள் வீட்டிலும் விறகுதான் இருக்கிறது" என்றாள்.

நாடகத்தை நிறுத்திவிட்டோம். காலனிக்குக் குழாய் நீட்டிப்பு கேட்டு ஊர்க்காரர்கள் ஏற்கெனவே எழுதிய மனுக்களின் நகல்களை வீடு வீடாகத் தேடினார்கள். ஒரு பெரியவர் தகரப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த நகலில் இருந்த தேதி எங்கள் மாணவர்கள் தொடக்கப் பள்ளியில் சேர்வதற்கு முந்தையது. கணக்கெடுப்பு விவரங்களைச் சேர்த்துப் புதிதாக ஒரு மனு தயாரித்து ஊர்ப் பெண்களிடம் கொடுத்தார்கள்; மே 1 கிராம சபையில் அதை ஒரு பெண் எழுந்து வாசித்தார். குழாய் பிறகு வந்தது. அதை எங்கள் சாதனை என்று ஆண்டறிக்கையில் எழுத நான் விடவில்லை. தகரப் பெட்டிக்காரர் அலைந்த அலைச்சல் அது.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். சமையலுக்குக் காலனியிலிருந்து இரண்டு பெண்கள் உதவிக்கு வந்தார்கள். அன்று இரவே, யார் சமைக்கிறார்கள் என்று விசாரித்து இரண்டு பெற்றோரிடமிருந்து தொலைபேசி. பெயர் கேட்கவில்லை; தெரு கேட்டார்கள். "எல்லோருக்கும் ஒரே உலைதான் ஐயா. வேண்டாம் என்றால் பிள்ளையை வந்து அழைத்துப் போகலாம்" என்றேன். ஒருவர் வந்து அழைத்துப் போனார். இன்னொருவரின் மகன், அப்பாவிடம் ஏதோ பேசிச் சமாளித்துவிட்டு, மறுநாள் காலை அந்தப் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். சமத்துவம் பற்றி நான் வகுப்பில் பேசிய எதுவும் அவனை அங்கே உட்கார வைத்திருக்காது. அவன் பசியோடு இருந்தான், சமையல் தாமதமாகிக்கொண்டிருந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. டெல்டாவில் தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. எங்கள் பிள்ளைகள் இரண்டே நாளில் வகுப்பறை நிறையத் துணி சேர்த்துவிட்டார்கள். அந்த வேகம் எனக்கே பெருமையாக இருந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் வேனை நிறுத்தியபோதுதான் சாலையோரமெங்கும் பிறர் கொண்டுவந்து கொட்டிய பழந்துணி மழையில் ஊறிக் கிடப்பதைப் பார்த்தோம். ஒரு அம்மாள் வேனுக்குள் எட்டிப் பார்த்து, "துணிதானா தம்பி? தார்ப்பாய் இருக்கிறதா?" என்றார். கூரை போன வீட்டுக்காரருக்குத் தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, பெண்களுக்கு நாப்கின். தெருவில் விழுந்து கிடக்கும் மரத்தை அறுக்க ஒரு ரம்பம். அடுத்த நடைக்குக் கிளம்பும் முன் மாணவர்கள் அந்த ஊரின் அங்கன்வாடிப் பணியாளருக்குத் தொலைபேசியில் பேசி என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவர் சொன்னவை எல்லாம் அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டன. முதலில் கேட்டுவிட்டுக் கிளம்புவது என்ற பழக்கம் எங்கள் அலகில் அதற்குப் பிறகுதான் வந்தது. இதை எந்த வழிகாட்டு நூலிலும் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்பேன். அந்தப் பக்கத்தில் இப்போது சின்னத்தின் விளக்கம் இருக்கிறது.

2020 ஏப்ரலில் கொரோனாப் பணிக்கு 18 வயது நிறைந்த, விரும்பி முன்வந்த கேடட்டுகளை அனுப்பினார்கள். அதற்கு 'என்.சி.சி. யோக்தான்' என்று பெயரிட்டார்கள், செய்தியும் வந்தது. அதே வாரங்களில் எங்கள் பழைய தொண்டர்கள் அவரவர் ஊரில் முகக்கவசம் தைத்தார்கள், ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டார்கள். அதற்குப் பெயர் எதுவும் இல்லை. மணி நேரக் கணக்கும் இல்லை, ஏனென்றால் அவர்களில் பலர் படிப்பை முடித்துவிட்டிருந்தார்கள்.

பெண் பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பச் சம்மதம் வாங்குவது தனி வேலை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவி; இதுவரை ஒரு இரவுகூட உறவினர் வீட்டைத் தவிர வெளியே தங்கியதில்லை. அப்பா நேரில் வருவார். எத்தனை ஆசிரியைகள் உடன் வருகிறார்கள், எங்கே தூங்குவார்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்பார். இவற்றைப் பிற்போக்கு என்று சிரிக்கும் சக ஆசிரியர்களை எனக்குப் பிடிப்பதில்லை. 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் போலி முகாம் நடத்தி, மாணவியரைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய செய்தி வந்தபோது, அந்த அப்பாக்கள் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் சரியானவை என்று தெரிந்தது. அந்தப் பள்ளியில் என்.சி.சி. அலகே கிடையாது. பெற்றோர் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று: உங்கள் பள்ளி எந்தப் பட்டாலியனின் கீழ் வருகிறது? என்.சி.சி. முகாமை நடத்துவது பட்டாலியனோ அதற்கு மேலுள்ள அமைப்போதான். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் பள்ளி வளாகத்தில் தானாக நடத்துவது என்.சி.சி. முகாமாக இருக்க முடியாது. பட்டாலியன் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், உண்மை தெரிந்துவிடும்.

அனுமதி கிடைத்து வந்த பெண்கள், என் அனுபவத்தில், பையன்களைவிட வேகமாகப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார்கள். காரணம் எளிது. வீட்டில் அவர்களுக்கு வேலை செய்யும் பழக்கம் இருக்கிறது. ஆணை இடும் பழக்கம் இல்லை. முகாமில் இரண்டும் சேர்ந்து கிடைக்கிறது. மண்வெட்டி பிடிக்கத் தெரியாத நகரத்துப் பையனுக்குப் பிடி சொல்லிக் கொடுத்த ஒரு மாணவியின் குரலில் இருந்த அதட்டலை அவள் அம்மா கேட்டிருந்தால் அசந்து போயிருப்பார்.

இப்போது இவற்றை மதிப்பெண்ணாக மாற்றும் முயற்சி வேகமாக நடக்கிறது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு என்.சி.சி.யை ஆறு பருவங்களில் 24 கிரெடிட் கொண்ட விருப்பப் பாடமாக நடத்தலாம் என்று கல்லூரிகளுக்குச் சொன்னது. சனிக்கிழமையைத் தியாகம் செய்யும் மாணவனுக்கு அதற்கான மதிப்பு கிடைக்கட்டும் என்ற அளவில் எனக்கு மறுப்பில்லை. ராணுவத்தின் அக்னிவீர் தேர்வில் என்.சி.சி. சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கிறது என்பதால் சேர்பவனையும் குறை சொல்ல மாட்டேன். என் கவலை வேறு. மாணவனுக்குக் கிரெடிட் வந்துவிட்டது. நடத்தும் ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு வகுப்பு நேரம்கூடக் குறையவில்லை. முகாமுக்குப் போய்வந்த ஏழு நாளின் பாடத்தை அவர் சிறப்பு வகுப்பு வைத்து ஈடுசெய்ய வேண்டும். பதவி உயர்வுக் கணக்கில் ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு இருக்கும் எடை, ஒரு ஊருக்குப் பல ஆண்டுகள் போய்வந்ததற்கு இல்லை. ஆகவே பெரும்பாலான கல்லூரிகளில் என்.எஸ்.எஸ். பொறுப்பு, கடைசியாகச் சேர்ந்த, மறுத்துப் பேசத் துணியாத இளைய ஆசிரியரிடம் போகிறது. அவர்களில் சிலர் அதில் பிடிப்பு கொண்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் நாட்காட்டியைப் பார்த்துப் பேரணி நடத்துகிறார்கள்.

பிடிப்பு கொண்டவரையும் விதி விடுவதில்லை. திட்ட அலுவலர் பதவிக்காலம் மூன்றாண்டு, மிஞ்சினால் இன்னும் ஓராண்டு நீட்டிப்பு. ஒரு ஊரில் எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் பேச்சு இல்லை, எந்தப் பெரியவர் தகரப் பெட்டியில் என்ன வைத்திருக்கிறார், எந்த வீட்டுப் பெண் பத்தாவதோடு நின்றாள், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்றெல்லாம் தெரிந்துகொள்ளவே அவ்வளவு காலம் ஆகும். தெரிந்ததும் பதிவேட்டை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். நானும் ஒப்படைத்தேன். கூடவே அந்த ஊரைப் பற்றி எழுதிய தாள்களையும், ஊர்க்காரர்கள் சிலரின் தொலைபேசி எண்களையும் கொடுத்தேன். படிப்பை நிறுத்திய பெண்கள் ஆறு பேரைத் தனித்தேர்வு எழுத வைக்கும் வேலை பாதியில் நின்றிருந்தது. அதை மட்டுமாவது தொடருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

புதியவர் வேறு ஊரைத் தேர்ந்தெடுத்தார். அது அவருடைய மாமனார் ஊர். தங்குவதற்குக் கல்யாண மண்டபம் இலவசமாகக் கிடைக்கும், பாத்திரங்களுக்கு வாடகை தர வேண்டியதில்லை. தலைக்கு 450 ரூபாயில் முகாம் நடத்த வேண்டியவர் என்ற முறையில் அவர் செய்தது சரி என்றே எனக்கும் பட்டது. அந்த ஆறு பேரில் இரண்டு பேரின் தேர்வுக் கட்டணத்தை எங்கள் பழைய தொண்டர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக் கட்டினார்கள். மற்ற நால்வருக்கு அடுத்த தேர்வுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்.